ஞாயிறு வரைக்கும்

முதல் சுற்றில் எவரும் தேறவில்லை.
இரண்டாம் சுற்றுக்கு நாலு வாரம்.
திங்கள் காலை எட்டு மணிக்கே
என் தொலைபேசி சூடாகிவிட்டது.

பலகை மாட்டுவதும் கழற்றுவதும் என் பிழைப்பு.
ஏணி, சுத்தியல், கம்பிச் சுருள், இருமும் வேன்.
பியூனஸ் அயர்ஸில்
எந்தத் தெருவில் யாருக்கு வயிறு கலங்குகிறதென்று
வானொலிக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

பலெர்மோவில் ஒரு பல் மருத்துவர்
பலகையை இறக்கச் சொன்னார்:
"இப்போது விற்பவன் இளிச்சவாயன்."
அடுத்த சந்தில் அவருடைய மைத்துனர்
ஏற்றச் சொன்னார்:
"இப்போது விற்காதவன் இளிச்சவாயன்."
ஒரே ஏணி. இருவரிடமும் ஒரே கூலி.

புவெர்ட்டோ மதேரோ கண்ணாடிக் கோபுரங்களில்
பலகைக்கு அனுமதியில்லை.
அங்கே பயம்கூடக் குளிரூட்டிய அறையில்
தாழ்ந்த குரலில்தான் பேசும்.
வில்லா லுகானோவின் உள்சந்துகளில்
பத்திரமில்லாத வீடுகளை
வாய்ச்சொல்லில் வாங்கி வாய்ச்சொல்லில் விற்கிறார்கள்.
அங்கிருந்து என்னை அழைத்தது ஒரே முறை,
ஏணியை இரவல் கேட்டு.

அல்மாக்ரோவில், மூன்றாம் மாடியில்,
கிரிசெல்டாவும் ஓஸ்மாரும்.
மார்ச்சில் விவாகரத்து ஆயிற்று,
வீடு மட்டும் ஆகவில்லை.
குளிர்பெட்டியில் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு அவனுக்கு,
முட்டைகளில் பேனாவால் முதலெழுத்து.
அவள் ஓட்டு ஒருவருக்கு, அவன் ஓட்டு மற்றவருக்கு.
மற்றவர் வென்றால் விலை மண்ணாகிவிடும் என்பதில்
இருவருக்கும் அப்படியொரு ஒற்றுமை.

வெள்ளி: தொண்ணூற்று நாலாயிரம் டாலர்.
திங்கள்: எண்பத்தெட்டு.
ஒரு கருத்துக்கணிப்பு வந்த புதனன்று நூற்றியொன்று.
முகவர் கடைக் கண்ணாடியில்
இலக்கம் ஒட்டுகிறவனும் நான்தான்.
எட்டு தீர்ந்துபோய்
இரண்டு மூன்றுகளை முகம் பார்க்க வைத்து ஒட்டினேன்.

வாங்க வந்தவள் நெலிடா, இரவுப் பணி நர்ஸ்.
சம்பளம் பெசோவில், வீடு டாலரில்,
நடுவே பதினாறு வருடம்.
முதுகுப்பையை முன்பக்கம் மாட்டி
மார்போடு அணைத்திருந்தாள்.
பாதி நோட்டு பழசு, சின்னத் தலை அச்சடித்தது;
இந்த ஊரில் சின்னத் தலைக்கு
ஒரு படி மதிப்புக் குறைவு.
"எண்பத்தைந்து. இன்றே கையெழுத்து" என்றாள்.
அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்,
பல மாதங்களுக்குப் பிறகு.
"ஞாயிறு வரைக்கும் பொறுக்கலாமே."

வியாழனன்று முகவர் கொடுத்த தாளில்
பதினோரு முகவரி.
ஏழாவது, பார்க்கே பத்ரீசியோஸ், பின்கட்டு.
கதவு எண்ணை இரண்டு தடவை படித்தேன்.
வாடகை வீடுதான், உரிமை கொண்டாட ஒன்றுமில்லை.
ஆனாலும் வீட்டுக்காரி ஸாந்தோயா அம்மாள்
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
இருட்டிய பிறகு மாட்டினேன்.
ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்,
கோணல் இல்லை.
அதற்கும் கூலி வாங்கினேன்.

ஞாயிறு இரவு ஒரு பாதி நகரம் ஹாரன் அடித்தது,
மறுபாதி ஜன்னலைச் சாத்தியது.
திங்களன்று முகவர் சொல்லி
அல்மாக்ரோவுக்கு அழைத்தேன்.
"சந்தை எப்படித் திறக்கிறதென்று பார்த்துவிட்டு..."
என்று இழுத்தாள் கிரிசெல்டா.
பின்னாலிருந்து ஓஸ்மாரின் குரல்:
"காபி போடுகிறேன், உனக்கும் வேண்டுமா?"
இந்த வாரமும் விற்காது என்று தெரிந்துவிட்டது.

மாலை என் வாசலில் மணி.
முதுகுப்பையை முன்னால் மாட்டிய நெலிடா.
என்னைக் கண்டு அவளும் திகைத்தாள்.
சமையலறையைப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள்,
என் கட்டில் கிடந்த இடத்தில்
எட்டு வைத்து அளந்தாள்.
பிறகு, இங்கே குடியிருப்பவன் என்ற முறையில்
உண்மையைச் சொல்லச் சொன்னாள்:
மழைக்கு ஒழுகுமா?

நான் கூரையைப் பார்த்தேன்.